பாக்கலாம்

எங்கள் சிறையின் தையல் கூடத்தில் பன்னிரண்டு கத்தரிக்கோல்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு முழச் சங்கிலியில் மேசையோடு பிணைத்திருப்போம். சங்கிலி கத்தரியின் ஒரு பிடி வளையத்துக்குள் நுழைந்து வரும். துணி வெட்டலாம், கத்தரியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கத்தரிக்கோல் என்பது ஒரு பொருள் இல்லை, நடுவில் திருகாணி போட்டுச் சேர்த்த இரண்டு பொருள். அந்தத் திருகாணியைக் கழற்றினால் ஒரு பாதி சங்கிலியோடு கிடக்கும், மறுபாதி கையோடு வரும். பதினோரு வருடமாக அந்தக் கூடத்துக்குள் போய்வந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. காஜாவுக்குத் தோன்றியது.

சட்டைக்குப் பொத்தான் துளை போடுவதைத் தையல்காரர்கள் காஜா எடுப்பது என்பார்கள். அதை அவனைப் போலச் சுத்தமாக எடுக்க அங்கே ஆள் இல்லை. அதனால் அந்தப் பெயர். பூட்டிய கடைகளைத் திறந்து திருடி உள்ளே வந்தவன். திருகாணி, பூட்டு, கீல் எல்லாம் அவன் விரலுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

காலை பத்து நாற்பதுக்கு அபாய மணி அடித்தது. நான் ஓடிப்போனபோது பதினொரு கைதிகள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு உள்ளிருந்து அடைத்திருந்தது. சிறை அறைகளின் கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே எதை முட்டுக்கொடுத்தாலும் நாம் இழுத்துத் திறந்துவிடலாம் என்பதற்காக. தையல் கூடமோ முன்பு சாமான் அறையாக இருந்தது. அதன் கதவு உட்பக்கம் திறக்கும். இரண்டு மெஷின்களை இழுத்துப் போட்டால் போதும், கோட்டை. அந்தக் கோட்டைக்குள் காஜா இருந்தான். அவன் கையில் பாதிக் கத்தரி. அது தையல் கூட வார்டரின் கழுத்தில்.

அந்த வார்டர் என் தங்கையின் கணவர்.

நானும் வார்டர்தான். கூடுதலாக, பன்னிரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தவன். சிறைக்குள் யாராவது யாரையாவது பிடித்துவைத்துக்கொண்டால் அவனோடு பேசுவது எப்படி என்ற பயிற்சி. திரும்பி வந்த அன்றே எனக்கு "தாலாட்டு" என்று பெயர் விழுந்தது. வைத்தவர் என் மாப்பிள்ளை. அவர்தான் இப்போது உள்ளே.

"தொட்டில் கட்டுங்கடா, தாலாட்டு வந்துட்டாரு" என்றார் கதவுடைச்சான். அதிரடிக் குழுவின் தலைவர். எட்டுப் பேர், கேடயம், தடி, தலைக்கவசம். எல்லோருடைய கண்ணும் அந்தக் கதவின் மேல்.

நான் நேராகச் சூப்பிரண்டிடம் போனேன். "சார், நான் பேசக்கூடாது. உள்ள இருக்கறது என் தங்கச்சி வீட்டுக்காரர். சொந்தக்காரன் பேசினா புத்தி தடுமாறும். விதியே இருக்கு."

"பயிற்சிக்குப் போன இன்னொருத்தர் எங்கய்யா?"

"போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டாரு. வேற ஆள அனுப்புங்கன்னு மூணு தடவை எழுதினேன்."

"யாரும் பேர் குடுக்கலையே, நான் என்ன பண்ண?"

"திருடன்கிட்ட கெஞ்சறதுக்கு யாரு சார் பேர் குடுப்பா?" என்றார் கதவுடைச்சான். "ரெண்டு நிமிஷம் குடுங்க. கதவையும் ஒடச்சு அவனையும் ஒடச்சிடறேன்."

அந்தக் கோபம் எனக்குத் தெரியாததில்லை. நாள் முழுக்க ஏச்சும் எச்சிலும் வாங்குகிற வேலை இது. அப்படி வாங்கியவனிடம் போய், உன் சகாவைப் பிடித்து வைத்திருப்பவனிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேள் என்றால் வயிறு எரியத்தான் செய்யும். இன்றைக்கு ஒருவனுக்கு இறங்கினால் நாளைக்குப் பத்துப் பேர் ஏறுவார்கள் என்பார்கள். பேசுவதும் தோற்பதும் அவர்களுக்கு ஒன்று. நான் அவர்களைக் கேட்பது ஒரே கணக்குதான். கதவை உடைக்க இரண்டு நிமிடம். கழுத்தில் கத்தரி இறங்க எவ்வளவு நேரம்?

சூப்பிரண்டு கண்ணாடியைத் துடைத்தார். ஒரு ஆளின் தலை எண்ணிக்கையில் சேராதவரை எந்த அறையையும் திறக்கக்கூடாது என்பது சட்டம். ஆக, அறுநூற்று நாற்பது பேர் பூட்டிய அறைக்குள். மதியச் சாப்பாடு அடுக்களையில். ஏற்கனவே மாடியில் தட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"பன்னண்டரை வரைக்கும் பேசு" என்றார். "அதுக்கப்புறம் கதவு ஒடையும்."

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பேசுகிறவன் முடிவெடுக்கக்கூடாது, முடிவெடுக்கிறவர் பேசக்கூடாது. அப்போதுதான் "மேலே கேட்டுச் சொல்றேன்" என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் வாங்க முடியும். நேரம் போகப் போகக் கை வலிக்கும், தாகம் எடுக்கும், வெறி இறங்கும். இன்னொன்று, பேசுகிறவனுக்குப் பக்கத்தில் ஒருவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். பேசுகிறவன் காதில் விழாதது அவர் காதில் விழும். அந்த வேலைக்கு நான்கு வார்டர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் ஷூ கயிறு கட்டினார். ஒருவருக்குத் திடீரென்று சாவி ஞாபகம் வந்தது. கடைசியில் பதிவறைக் கிளார்க் வந்தார். எல்லோருக்கும் அவர் ரெக்கார்டு அக்கா.

"ஆம்பளைங்களுக்கெல்லாம் வேலை இருக்காம், எனக்குத்தான் வேலையே இல்லயாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடியில் தாளும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்தார்.

கூடத்தின் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அதன் வழியாகத்தான் பேச்சு.

"காஜா, நான்தான்."

"யாரு, தாலாட்டா?" கைதிகளுக்கும் அந்தப் பெயர் போயிருந்தது.

"மச்சான்!" மாப்பிள்ளையின் குரல். "அங்க நின்னு பேசிட்டிருக்காத! ஒடச்சுட்டு வரச் சொல்லு! இவன்கிட்ட என்ன பேச்சு?"

கழுத்தில் இரும்பை வைத்துக்கொண்டும் அவர் அதையேதான் சொன்னார். பின்னால் கதவுடைச்சான் சிரித்தது கேட்டது. "கேட்டீங்களா, அவரே சொல்றாரு." என் காது கொதித்தது. சாகப்போகிறவனுக்குக்கூட ரோஷம்தான் முக்கியமா? என் தங்கைக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று இந்த மனுஷன் ஒரு நொடி நினைத்தாரா?

"காஜா, உனக்கு என்ன வேணும்?"

"வெளிய போகணும். இன்னைக்கே."

"சரி. மேல சொல்றேன். பாக்கலாம்."

உள்ளே ஒரு மெஷின் சுவரில் மோதிய சத்தம். மாப்பிள்ளை முனகினார்.

கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர் அனுப்பட்டுமா என்றேன். வாங்கிக்கொண்டான். அவருக்கும் கொடு என்றேன், கொடுத்தான். குரல் இறங்கியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படித்தான் நடக்க வேண்டும், ஒரு படி, இன்னொரு படி.

"சூப்பிரண்டு என் எதிர்ல வந்து பேசுவாரா?"

"கேக்கறேன். பாக்கலாம்."

"பாக்கலாமா? என்னடா பாப்பீங்க!" என்றான் காஜா. மாப்பிள்ளை கத்தினார். இந்தத் தடவை அது ரோஷக் கத்தல் இல்லை, வலிக் கத்தல். பின்னால் எட்டுக் கேடயங்கள் தரையிலிருந்து எழும்பிய சத்தம். நான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

ரெக்கார்டு அக்கா என் முழங்காலில் தட்டி, தாளைக் காட்டினார். பெரிய எழுத்தில்: அந்த வார்த்தையை விடுங்க.

எந்த வார்த்தை என்று சைகையில் கேட்டேன். அவர் என் காதோரம் குனிந்தார். "பாக்கலாம். நீங்க சொன்ன ரெண்டு தடவையும் அவனுக்கு ஏறுது. மத்ததுக்கெல்லாம் இறங்குது. கோடு போட்டு வச்சிருக்கேன், பாருங்க."

தாளில் மேலும் கீழுமாக ஒரு கோடு. இரண்டு உச்சி. உச்சிக்குப் பக்கத்தில் "பா", "பா".

நான் ஜன்னலுக்குத் திரும்பினேன். "காஜா, பாக்கலாம்னு உங்கிட்ட யாரு சொன்னாங்க?"

அவன் சிரித்தான். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "யாரு சொல்லல? இந்த ஜெயில்ல வேற வார்த்தை இருக்கா? மாசம் ஒரு மனு, அஞ்சு மாசம், அஞ்சு மனு. எல்லாம் உன் மாப்பிள்ளை கையிலதான் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பாக்கலாம், பாக்கலாம். இன்னைக்குக் காலைல நாலாம் நம்பர் மெஷினுக்கு எண்ணெ போடக் குனிஞ்சேன். அந்த மெஷின் ஆடும், தெரியுமா? கொஞ்ச நாளா ஆடல. ஏன்னு பாத்தேன். இந்தா, நீயும் பாரு."

உடைந்த கண்ணாடி வழியாக எட்டாக மடித்த ஒரு காகிதம் வந்து விழுந்தது. எண்ணெய்க் கறை. நடுவில் மெஷின் கால் அழுத்திய வட்டம். பிரித்தேன். "ஐயா, என் விடுதலைத் தேதி தவறாக உள்ளது என்று பணிவுடன்" என்று ஆரம்பித்திருந்தது. காஜா எடுப்பது போலவே எழுத்தும். இடைவெளி எல்லாம் அளந்து வைத்தது.



எனக்கு மாப்பிள்ளைமேல் வந்த ஆத்திரத்தில் ஒரு கணம் நானே கதவை உடைத்திருப்பேன். ஆனால் அந்த ஆத்திரம் போய் முட்டிய இடம் வேறு. பயிற்சியிலிருந்து வந்ததும் வார்டர்கள் ஓய்வறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். ஏழு வரி. "கத்தாதீர்கள்", "முழுதும் கேளுங்கள்", இப்படி. யாரோ பக்கத்தில் ஒரு தொட்டில் வரைந்து வைத்தார்கள். ஆறு வரியைப் படித்துச் சிரித்தார்கள். நாலாவது வரி மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அது இது: "முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். பார்க்கலாம் என்று சொல்லுங்கள்."

அரை மணி நேரம் வாங்குவதற்கு நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. அதை எடுத்து ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறார்கள். முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். சரி என்றால் நடந்துபோய் வேலை செய்ய வேண்டும். பாக்கலாம் என்றால் இரண்டும் வேண்டாம். நான் கற்றுக்கொடுத்ததில் அவர்கள் கற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

ரெக்கார்டு அக்கா மனுவை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தார். படித்த வேகத்தில் செருப்புச் சத்தம் தடதடக்கப் பதிவறைக்கு ஓடினார். மணி பன்னிரண்டு.

"ஒரு மணி நேரமா ஒரே பாட்டு" என்றார் கதவுடைச்சான். "தூங்கிட்டானா?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பயிற்சியில் சொல்லவே கூடாது என்ற வார்த்தையைச் சொன்னேன்.

"காஜா, இன்னைக்கு உன்ன வெளிய விட முடியாது."

வராந்தாவில் ஒருவர் "போச்சு" என்றார்.

"முடியாது. வார்டர் கழுத்துல கத்தி வச்சுட்ட. அதுக்கு கேஸ் வரும், தண்டனையும் வரும். சூப்பிரண்டும் இங்க வந்து பேச மாட்டாரு. பொய் சொல்லி உன்ன வெளிய வரவைக்க எனக்கு இஷ்டமில்ல."

மெஷின் மோதவில்லை. மாப்பிள்ளை கத்தவில்லை. மாடியில் தட்டுச் சத்தம் மட்டும்.

"யோவ்" என்றான் காஜா கடைசியில். குரல் தரைமட்டத்தில் இருந்தது. "இத அஞ்சு மாசம் முன்னாடி எவனாவது சொல்லிருந்தா நான் கோர்ட்டுக்கு எழுதிருப்பேன்யா. முடியாதுன்னா அடுத்த கதவத் தட்டிருப்பேன். பாக்கலாம் பாக்கலாம்னு அதே கதவுலயே நிக்க வச்சுட்டீங்களே."

ரெக்கார்டு அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் அவனுடைய கோப்பு. ஜன்னலோடு வாய் வைத்து, வாய்விட்டே கணக்குப் போட்டார். ஒழுங்காக வேலை செய்கிற கைதிக்கு மாதம் ஐந்து நாள் தண்டனையில் கழியும். அதற்குத் தையல் கூடத்திலிருந்து மாதாமாதம் ஒரு சீட்டு பதிவறைக்கு வர வேண்டும். கொண்டுவர வேண்டியவர் அந்தக் கூடத்தின் வார்டர்.

"பதினோரு மாசச் சீட்டு வரல. அம்பத்தஞ்சு நாள். அட்டையில இருக்கற விடுதலைத் தேதிக்கு இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கு." பென்சில் நின்றது. "பத்தொம்பது நாள் முன்னாடியே உன்ன அனுப்பிருக்கணும்ப்பா."

"பத்தொம்பதா? நான் பதினேழுன்னு நெனச்சேன்" என்றான். "ரெண்டு மாசம் முப்பத்தொண்ணுல முடியுது, அத விட்டுட்டேன் போல."

பத்தொன்பது நாள் முன்பு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், இன்று காலை எண்ணெய் போடக் குனிந்து, புதிதாக ஐந்து வருடம் சம்பாதித்துக்கொண்டான். ரெக்கார்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வந்தா அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அது என் கையில இல்ல. அறை வரைக்கும் உன்ன ஒட்டி நடப்பேன், அது என் கையில இருக்கு. அப்புறம், இந்த அஞ்சு மனுவையும் பத்தி ரிப்போர்ட்டுல என் கையால எழுதுவேன். அதுவும் என் கையில இருக்கு."

"உன் மாப்பிள்ளை பேரையுமா?"

"ஆமா."

அதை மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பன்னிரண்டு இருபத்திரண்டுக்குப் பாதிக் கத்தரி ஜன்னல் வழியாக வெளியே விழுந்தது. மெஷின்களை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் மாப்பிள்ளை முதலில் வந்தார். கழுத்தில் ஒரு விரல் நீளக் கீறல். காலர் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் போனார். பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு காஜா.

நான் அவன் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டேன். குழு இரண்டு வரிசையாக நின்றது. சண்டைக்கென்று கட்டிய கவசத்தைச் சண்டை இல்லாமல் கழற்ற அவர்களுக்கு மனசில்லை. நாலாவது அடி வைத்தபோது முதல் தடி என் தோளில் விழுந்தது. இரண்டாவது அவன் காதில்.

"நேரம் பன்னண்டு இருபத்தாறு!" ரெக்கார்டு அக்காவின் குரல் வராந்தா முழுக்க அடித்தது. "எழுதிக்கிட்டேன்! யாரு கைன்னும் எழுதிக்கிட்டேன்! மூணாவது யாருப்பா, வாங்க, பேருக்கு இடம் விட்டு வச்சிருக்கேன்!"

மூன்றாவது விழவில்லை.

சிறை மருத்துவ அறையில் மாப்பிள்ளைக்கு நாலு தையல் போட்டார்கள். நான் போனபோது படுக்கையில் உட்கார்ந்திருந்தார். கையில் போன், அந்தப் பக்கம் என் தங்கை.

"ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்றார் என்னிடம்.

"ஆமா மாப்ள. நீங்களும்தான்."

அவர் கண் சிவந்தது. "கைதி முன்னாடி என் பேர எழுதுவேன்னு சொன்னியே மச்சான், எந்த வாயால சொன்ன? நான் செத்திருந்தாலும் மரியாதையா செத்திருப்பேன்."

"அவன் மனுவ மெஷின் காலுக்கு வச்சீங்களே, அது மரியாதையா?"

"எல்லாரும்தான் செய்யறாங்க! நான் மட்டுமா? அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு. அவன வெளிய கொண்டுவரத்தான அப்படிச் சொன்ன? வந்துட்டான்ல? முடிஞ்சுபோச்சு, விடு."

போனை என் பக்கம் நீட்டினார். தங்கை அழுது முடித்த குரலில் பேசினாள். "அண்ணே, அவர உசுரோட குடுத்துட்ட, அதுவே போதும். இனிமே அந்த மனு கினு எல்லாம் எதுக்குண்ணே? எழுதாத. சரியா? எழுத மாட்டேல்ல?"

நாக்கின் நுனியில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்தது. எவ்வளவு சுகமான வார்த்தை. அவளும் சமாதானமாவாள், அவரும் படுத்துக்கொள்வார், நானும் எழுந்து போகலாம்.

"எழுதுவேம்மா" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓய்வறைக்குப் போய் என் தாளைச் சுவரிலிருந்து உரித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, தொட்டிலோடு வந்தது. "என்ன தாலாட்டு, புதுப் பாட்டா?" என்று ஒருவர் கேட்டார். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தாளைப் பற்றித்தான் எழுதினேன், நாலாவது வரியோடு. பிறகு மனுக்கள், சீட்டுகள், மாப்பிள்ளையின் பெயர், வராந்தாவில் விழுந்த இரண்டு அடி.

சூப்பிரண்டு மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். "ஒரு உயிரக் காப்பாத்திருக்கீங்க. நல்லா முடிஞ்ச விஷயம். அதுக்குள்ள போய் ஏன்யா இதெல்லாம்?" மேசை இழுப்பறையைத் திறந்தார். "இருக்கட்டும், வச்சுட்டுப் போங்க. பாக்க..."

"சார்" என்றேன். "மேல் மூலையப் பாருங்க."

அங்கே ரெக்கார்டு அக்காவின் கையெழுத்தில் அனுப்புகைப் பதிவேட்டின் எண் இருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எண் போட்ட காகிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், எண் வரிசையில் ஓட்டை விழும். ஓட்டைக்குக் காரணம் அவர் எழுத வேண்டும்.

இழுப்பறை திறந்தபடியே இருந்தது. அதன் அடியில் மடித்த காகிதங்கள் தெரிந்தன.

"அனுப்புவீங்களா, மாட்டீங்களா சார்?" என்றேன். "ரெண்டுல எதுன்னாலும் சொல்லுங்க. நிக்கறேன்."